தகரப் பெட்டிக்குள் இருக்கும் நம் உரிமை

(வட்டார வரலாற்றுக் கழகத்தின் ஆண்டு ஒன்றுகூடலில், பழைய ஆவணங்களையும் பொருட்களையும் பாதுகாத்தோரைக் கௌரவித்தபோது ஆற்றிய உரை)



இங்கே பொன்னாடை பெறுகிறவர்கள் பெரிய பதவியில் இருந்தவர்கள் அல்ல. ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. குப்பைக்குப் போகவிருந்த செக்ரோல் புத்தகங்களை வீட்டுக்குத் தூக்கி வந்தவர். ஒருவர் காமன் கூத்து மாஸ்டர். பாட்டு முழுவதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஓர் அம்மா, மூன்று தலைமுறையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களைத் தகரப் பெட்டியில் வைத்துக் காத்தவர்.

பழைய கடதாசிக்கு ஏன் இத்தனை மரியாதை என்று சிலர் கேட்கலாம். நம் சனத்துக்குக் கடதாசி இல்லாமல் போனதன் விலை நமக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்த பாட்டனுக்குப் பதிவு எங்கே இருந்தது? 1949இல் வந்த சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் விவாகமானவர் ஏழு வருடமும் மற்றவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. மலையை வெட்டித் தோட்டமாக்கிய கைகளில் அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. 1964 ஒப்பந்தம் வந்தபோது நம் குடும்பங்கள் கப்பலேறிப் பிரிந்தன. எஞ்சியவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 வரை சட்டங்கள் வரவேண்டியிருந்தது.

இது பழங்கதை மட்டுமல்ல. இன்றும் ஒரு தொழிலாளி வேலையை விட்டு நிற்கும்போது, சேவைக்காலப் பணத்துக்கு எத்தனை வருடம் உழைத்தார் என்று கணக்குக் கேட்கிறார்கள். தோட்ட நிர்வாகம் கைமாறி, பழைய புத்தகம் காணாமற்போனால் நட்டம் யாருக்கு? அந்தக் கணக்கப்பிள்ளை ஐயா காப்பாற்றியது வெறும் புத்தகம் அல்ல, பலருடைய வியர்வைக்கு உரிய சாட்சி.

ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இயந்திரங்களை அங்கே பார்க்கலாம். தேயிலையின் கதைக்கு அது வேண்டும். ஆனால் கொழுந்து பறித்தவளின் கதை? அதற்காகத்தான் கம்பளைக்கு அருகே பரடெக்கவில், 2007இல், பழைய லயம் ஒன்றைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கினார்கள். சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டினார். அவர் திரட்டாவிட்டால் பல பாட்டு, பாடிய கிழவிகளோடே மண்ணுக்குப் போயிருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். லயத்தை அப்படியே வைத்திருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சொந்தக் காணியும் தனி வீடும் கேட்டுப் போராடுகிறவர்கள் நாங்கள். லயம் இடியட்டும். ஆனால் இடிவதற்கு முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். எந்தக் காம்பராவில் எந்தக் குடும்பம் இருந்தது என்று எழுதி வையுங்கள். இந்த மலையில் இத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்பதற்கு அது நம் கையிலே இருக்கும் சாட்சி.

அடுத்த ஆண்டு கூடுவதற்குள் நாம் செய்ய வேண்டியவை மூன்று. வீட்டிலுள்ள பத்திரங்களைப் பிரதி எடுத்து, அசலை உங்கள் கையிலேயே வையுங்கள்; யார் கேட்டாலும் பிரதியைக் கொடுங்கள். பழைய படங்களின் பின்புறம் பெயரும் தோட்டமும் டிவிஷனும் எழுதுங்கள். பிள்ளைகளே, பாட்டியிடம் உட்கார்ந்து அவர் பாட்டையும் பாட்டையும் போனில் பதிவு செய்யுங்கள். நாங்கள் பாடசாலையிலும் சங்கக் காரியாலயத்திலும் அவற்றைத் தோட்டவாரியாக அடுக்கி வைப்போம்.

நாளைக்கு யாராவது வந்து "நீ யார், எப்போது வந்தாய்?" என்று கேட்டால், நம் பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு நிற்கக் கூடாது. பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அந்தப் பெட்டியை இதுவரை காத்துத் தந்த உங்களுக்குத் தொழிலாளர் குடும்பங்கள் எல்லாவற்றின் சார்பிலும் நன்றி.