காயலில் ஊர் ஊராக: ஏறும் முன் ஒரு நிமிடம்



கேரளக் காயல்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் நினைவுக்கு வர்றது ஹவுஸ்போட்தான். வாடகையைக் கேட்டதும் பல குடும்பங்கள் பின்வாங்கிடுவாங்க. ஆனா அதே தண்ணியில, உள்ளூர் மக்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போற அரசுப் படகுகள் ஓடுது. 1968-இல் உருவான கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை இவற்றை நடத்துகிறது. கட்டணம் பஸ் டிக்கெட் அளவுதான்.

ஆலப்புழை படகுத்துறையில் ஏறினால் குட்டநாட்டு வயல்களைப் பார்த்தபடியே கோட்டயம் போகலாம். கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் பூமி அது. இன்னொரு நாள் பஸ்ஸில் முகம்மா போய், அங்கிருந்து படகில் வேம்பநாட்டுக் காயலைக் கடந்தால் குமரகம்; அங்கே பறவைகள் சரணாலயம் இருக்கு. வடக்கே தவணக்கடவிலிருந்து வைக்கத்துக்கு 2017 முதல் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு ஓடுகிறது. வைக்கத்தில் இறங்கினால் தந்தை பெரியார் நினைவகத்தைப் பார்க்காம வராதீங்க. 1924-இல் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகப் போராடி அவர் சிறை சென்ற ஊர் அது. தமிழ்நாடு அரசு புதுப்பித்த நினைவகம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இதே முகம்மா - குமரகம் தடத்தில் 2002 ஜூலை 27-இல் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தாங்க. 2023 மே 7-இல் மலப்புரம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அதில் பலர் குழந்தைகள். இரண்டிலும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தாங்க. தண்ணியில ஓடுற பஸ்ஸுன்னு நினைச்சு, 'இன்னும் ரெண்டு பேர்தானே'ன்னு ஏறக்கூடாது. பஸ்ஸில் கூட்டம்னா நெரிசல். படகில் கூட்டம்னா ஆபத்து. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தாலே போதும், படகு கவிழ்ந்துவிடும்.

அதனால ஏறும் முன் நாலு விஷயம் பாருங்க. ஒன்று, படகில் பதிவு எண் எழுதியிருக்கா? 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் தகுதி ஆய்வும் கட்டாயம். இரண்டு, எத்தனை பேர் ஏறலாம்னு கேளுங்க, ஏறியிருக்கிறவங்களை எண்ணுங்க. மூன்று, உயிர்காப்பு அங்கி எங்கே இருக்குன்னு பாருங்க. குழந்தைகளுக்கு அவங்க அளவுக்கு ஏற்றதைப் போட்டு, பட்டையைக் கட்டுங்க. நான்கு, பொழுது சாய்ந்த பிறகு உல்லாசப் படகில் ஏறாதீங்க.

வயதான பெற்றோரோட போறவங்களுக்கு ஒரு வார்த்தை. கொச்சி வாட்டர் மெட்ரோவின் மேடைகள் மிதப்பவை. நீர் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியிலேயே ஏறலாம்.

எந்த ஊர்ப் படகுத்துறையானாலும், கூட்டம் அதிகம்னு தெரிஞ்சா இறங்கிடுங்க. கொடுத்த டிக்கெட் காசு போனா போகட்டும். அடுத்த படகு வரும்.