மூன்று இலக்கக் காவல்



பலர் கூடிப் பயன்படுத்தும் கணிப்பொறியில் ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் படிக்கலாமா, திருத்தலாமா என்ற வினா எழுந்தே தீரும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டில் பிறந்த யூனிக்ஸ் அமைப்பு இதற்குக் கண்ட சுருக்கமான விடையைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். லினக்ஸும் அவ்வழியையே பின்பற்றுகின்றது.

கோப்பை அணுகுவோர் மூவகையினர்: உரியவர், அதற்கெனக் குறித்த குழுவினர், ஏனையோர். உரிமைகளும் மூன்றே: படித்தல், எழுதுதல், இயக்குதல். இவற்றிற்கு முறையே 4, 2, 1 என மதிப்பிட்டு, அளித்த உரிமைகளைக் கூட்டி, ஒவ்வொரு வகையினருக்கும் ஓர் இலக்கம் எழுதுவர்.

1, 2, 3 என்று மதிப்பிட்டால் ஆகாதா? ஆகாது. 3 என்பது மூன்றாம் உரிமையா, முதலிரண்டின் கூட்டா என்ற ஐயம் பிறக்கும். 1, 2, 4 என்னும் எடைக்கற்களோ, ஒவ்வொன்றும் ஒன்றே இருப்பின், ஒன்று முதல் ஏழு வரை எந்த எடைக்கும் ஒரே வகையில்தான் சேரும். ஆகவே கூட்டிய எண்ணை ஐயமின்றிப் பிரிக்கலாம்.

754 என்ற எண்ணைப் பாருங்கள். 7-இல் மூன்றும் அடங்கும். உரியவருக்கு எல்லா உரிமையும் உண்டு. 5-இல் 4 அடங்கும், எஞ்சியது 1. எனவே குழுவினர் படிக்கலாம், இயக்கலாம், திருத்த இயலாது. கடைசி 4-ஆல் ஏனையோர் படிக்க மட்டுமே உரியர். நிரலாளர் கையாளும் பிரித்துரைக்கும் கருவிகள் இக்கணக்கையே நொடியில் செய்து, எண்ணைச் சொற்களாக விரித்துக் காட்டுகின்றன.

சில வேளைகளில் முன்னே நான்காம் இலக்கம் ஒன்றும் வரும். 4755-இன் முதல் 4, நிரலை இயக்குபவர் எவராயினும் அது தன் உரியவரின் அதிகாரத்தோடு இயங்கும் என உரைக்கின்றது. டென்னிஸ் ரிச்சியின் இக்கருத்து 1979-இல் காப்புரிமை பெற்றது. சாதாரணப் பயனர் தம் கடவுச்சொல்லை மாற்ற உதவுவது இதுவே. கவனமின்றி இட்டால் கள்வனுக்குக் கதவு திறப்பதும் இதுவே.

நிரல் இயங்க மறுத்தால், பொறுமையிழந்து 777 என இட்டுவிடுவோர் உளர். தடை நீங்கும்; ஆனால் அக்கணிப்பொறியில் நுழைந்த எவரும் அந்நிரலையே மாற்றி எழுதலாம். மறைவாகக் காக்க வேண்டிய திறவுகோல் கோப்புக்கு 600 போதும். பிறர் படிக்கும்படி விட்டிருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எச் அதனை ஏற்க மறுத்துவிடும்.

எண்ணின் பொருளைக் கருவி கூறும். அவ்வுரிமை தகுமா என்பதைக் கூறாது. யாருக்கு எது தேவை என்று முதலில் எண்ணுங்கள். பிறகு எண்ணை இடுங்கள்.