டூர் போகும்போது பகல் கொசுவை மறந்துடாதீங்க



போன வருஷம் எங்க குழுவில் எல்லோரும் பிள்ளைகளோடு வேன் பிடித்து ராமேஸ்வரம் போனோம். ராத்திரிக்கு என்று கொசுவர்த்தி, போர்வை எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். கடி வாங்கியது பகலில், சாப்பிட்டுவிட்டு மண்டபத்து நிழலில் படுத்தபோது! ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தே இரண்டு நாளைக் கடத்தினேன். அப்புறம்தான் டெங்கு என்று தெரிந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. உள்கடன் கிடைத்ததால் சமாளித்தேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும். காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்னாலும் அதிகம். அதனால் பிள்ளைகளுக்கு முழுக்கை, முழுக்கால் உடுப்பு போடுங்க. ஓடோமாஸ் மாதிரி க்ரீமைப் பகலிலும் தடவுங்க, வியர்த்தால் மறுபடியும் தடவணும். ரூமில் வாளியில் கிடக்கிற பழைய தண்ணீரை முதலில் கொட்டிடுங்க.

கிளம்பும் முன் நம்ம வீட்டுத் தொட்டி, குடத்தையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்க. சும்மா கொட்டினால் போதாது. ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தும் மாசக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டால் பத்து நாளுக்குள் கொசுவாகிடும்.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால், நான் செய்த மாதிரி செய்யாதீங்க. சில வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கும். நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், எந்த ஊருக்குப் போயிருந்தோம் என்பதையும் சொல்லிடுங்க.