விடுமுறைப் பயணமும் கடன் அட்டைப் புள்ளிகளும்

(தல்லாகுளத்தில் ஆசிரியர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே ஆசிரியர் அறையில் நாம் பேசும் பேச்சில் முதல் கேள்வி, "லீவுக்கு எங்கே போறீங்க டீச்சர்?" என்பது. அடுத்தது, "டிக்கெட் கிடைச்சிருச்சா?" என்பது. சில ஆண்டுகளாக மூன்றாவது கேள்வி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "ஏன் சார், கிரெடிட் கார்டு பாயின்ட் இருந்தா ஃப்ளைட்டுல ஓசியாப் போகலாமாமே, நெசந்தானா?" இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் வங்கிக்காரன் அல்ல. எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். ஆகவே கணக்காகவே பேசுகிறேன்.

நமக்குள்ள சங்கடமும் வசதியும்

மற்ற வேலைகளில் இருப்பவர்கள் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து விடுப்பு எடுத்து, குறைந்த கட்டணத்தில் போய்வந்துவிடுவார்கள். நாம் கிளம்புவது காலாண்டு, அரையாண்டு, பொங்கல், கோடை விடுமுறைகளில்தான். அன்றைக்கு ஊரே கிளம்பும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அவனியாபுரம் பக்கம் உள்ள நம் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானங்களிலும் கட்டணம் ஏறிவிடும்.

ஆனால் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. விடுமுறை எப்போது வரும் என்பது கல்வியாண்டுத் தொடக்கத்தில் நாட்காட்டி வந்த உடனேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ரயில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். விமான டிக்கெட்டோ பல மாதங்களுக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடும். டிசம்பர் பயணத்தை ஜூலையிலேயே முடிவு செய்யக்கூடியவர் நம்மைப்போல் வேறு யார்? புள்ளிகளைப் பயன்படுத்துவதற்கு முன்னால் பயன்படுத்த வேண்டியது இந்த நாட்காட்டியை. எத்தனை புள்ளி வைத்திருந்தாலும், கடைசி வாரத்தில் டிக்கெட் எடுத்தால் ஏறிய கட்டணமே அத்தனையையும் விழுங்கிவிடும்.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது. 1980இல் நம் நாட்டில் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா கடன் அட்டை வழங்கியது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், அடிக்கடி பறப்பவர்களுக்குப் பறந்த தூரத்தைக் கணக்கு வைத்து இலவசப் பயணம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பிற்காலத்தில் அட்டையும் இந்தத் திட்டமும் கைகோத்தன. பறக்காமலேயே, பலசரக்கு வாங்கினாலும் பயணப் புள்ளி சேரும் என்று ஆயிற்று.

அந்தப் புள்ளி சும்மா வருவதில்லை. கடையில் நாம் அட்டையைத் தேய்த்து நூறு ரூபாய் கொடுத்தால் கடைக்காரருக்கு முழு நூறும் போய்ச் சேராது. சுமார் இரண்டு ரூபாயை வங்கிகளும் அட்டை நிறுவனங்களும் பங்கிட்டுக்கொள்ளும். அதில் ஒரு சிறு பங்குதான் நமக்குப் புள்ளியாக வருகிறது. நாம் கட்டும் ஆண்டுக் கட்டணமும் அதில் சேரும். இன்னொரு பெரிய வரவு, பில்லை முழுதாகக் கட்ட முடியாதவர்கள் கட்டும் வட்டி. அந்த வட்டி கட்டும் ஆளாக நாம் இருந்தால், அடுத்தவர் பயணத்துக்கு நாம் மொய் எழுதுகிறோம் என்று அர்த்தம்.

இரண்டு அட்டை, ஒரு கணக்கு

ஒரு குடும்பம் மாதம் ₹20,000 செலவை அட்டையில் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ₹2,40,000. அட்டையின் ஆண்டுக் கட்டணம் ₹499. அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் ₹589.

முதல் அட்டையில் நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு. ஆண்டுக்கு 2,400 புள்ளிகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. மதிப்போ ₹600. கட்டணத்தைக் கழித்தால் ஆண்டு முழுவதும் தேய்த்ததற்கு மிச்சம் 11 ரூபாய்.

இரண்டாவது அட்டையிலும் நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளிதான். ஆனால் புள்ளியின் மதிப்பு ஒரு ரூபாய். அதே 2,400 புள்ளிக்கு ₹2,400. கட்டணம் போக ₹1,811 மிச்சம். ஆகவே "எத்தனை பாயின்ட்?" என்று கேட்காதீர்கள். "ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை காசு? எதற்கெல்லாம் பாயின்ட் கிடையாது?" என்று கேளுங்கள். பெட்ரோல், வீட்டு வாடகை, காப்பீட்டுத் தவணை, கல்விக் கட்டணம் போன்றவற்றுக்குப் பல அட்டைகளில் புள்ளி இல்லை, அல்லது குறைவு. 2022 முதல் ரூபே கடன் அட்டையை யுபிஐயில் இணைத்துப் பலசரக்குக் கடையிலும் ஸ்கேன் செய்ய முடிகிறது. அதற்குப் புள்ளி உண்டா என்பதும் அட்டைக்கு அட்டை மாறும்.

மூன்றரை வட்டி

இப்போது கணக்கின் மறுபக்கத்துக்கு வருவோம். பில் ₹20,000 வந்திருக்கிறது. கீழே "குறைந்தபட்சத் தொகை ₹1,000" என்று போட்டிருக்கிறது. ஆயிரத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். மீதி ₹19,000க்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி ₹665. வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு, அது ₹120. ஆக மொத்தம் ஒரு மாதத்துக்கு ₹785. இப்படி மூன்று மாதம் இழுத்தால் ₹2,355. இரண்டாவது அட்டையில் ஆண்டு முழுவதும் சேர்த்த மிச்சம் ₹1,811தானே? அது போய், அதற்கு மேலும் கையைவிட்டுப் போகிறது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாக்கி வைத்தால் அந்தப் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையை ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுத்தாலும் அன்றிலிருந்தே வட்டி, தனிக் கட்டணம் வேறு.

நம் ஊர்ப்பக்கம் வட்டியை மாதக் கணக்கில்தான் சொல்வோம். தெருவில் ஒருவர், "மூன்றரை வட்டிக்குத் தருகிறேன்" என்றால் நாம் வாங்குவோமா? ஆண்டுக்கு 42 விழுக்காடு ஆயிற்றே என்று விலகிப் போய்விடுவோம். பளபளப்பான அட்டையில் வரும்போது மட்டும் அது உறைப்பதில்லை. கடன் அட்டை வட்டி 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அந்த வரம்பு காப்பாற்றும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். உண்மையிலேயே பணத்தேவை வந்தால் நம் ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது, நகைக்கடன் இருக்கிறது. அட்டைப் பாக்கி அந்தத் தேவைக்கானது அல்ல.

நான் கடைப்பிடிப்பது ஒரே விதி. வங்கியில் இருக்கும் பணத்துக்குத்தான் அட்டை. சம்பளம் வந்த உடன் பில் தொகை முழுவதும் தானாகக் கணக்கிலிருந்து எடுக்கப்படும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஏற்பாட்டைச் செய்யும்போது 'குறைந்தபட்சத் தொகை' என்பதைத் தேர்ந்தெடுக்காமல், 'முழுத் தொகை' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயணத்துக்கு எப்படி உதவும்?

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. சென்னையில் தம்பி வீட்டுக்குப் போக இரவு ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைக்காவிட்டால் பெரும்பாடு. ஓர் அரையாண்டு விடுமுறையில் அம்மாவை விமானத்தில் அழைத்துப்போனேன். இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த புள்ளிகள் அம்மாவின் டிக்கெட்டுக்குச் சரியாக இருந்தன. எனக்கும் மனைவிக்கும் கைக்காசு. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சக்கர நாற்காலி உதவியும் கிடைத்தது. இரவு முழுக்கப் போகிற தூரம் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. புள்ளியால் குடும்பமே ஓசியில் பறக்கும் என்று நான் சொல்லவில்லை. சம்பளக்காரர் வீட்டுச் செலவில், ஓரிரு ஆண்டில் ஒரு டிக்கெட் என்பதுதான் நியாயமான எதிர்பார்ப்பு.

புள்ளியை டிக்கெட்டாக மாற்றுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், அன்றைய கட்டணத்திலிருந்து புள்ளியின் ரூபாய் மதிப்பைக் கழித்துக்கொள்வார்கள். இன்னொன்றில், புள்ளியை விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றி, இந்தத் தடத்துக்கு இத்தனை புள்ளி என்று கொடுத்து இருக்கை வாங்க வேண்டும். கட்டணம் ஏறியிருக்கும் நாள்களில் இந்த இரண்டாவது வகையில் நல்ல மதிப்புக் கிடைக்கலாம். ஆனால் அந்த இருக்கைகள் குறைவு. முன்கூட்டியே தேதி தெரிந்த நமக்கு இங்கேதான் அனுகூலம். எந்த வகையானாலும் வரிகளும் கட்டணங்களும் தனியே இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய புள்ளியைத் திரும்பப் பெற முடியாது என்பதால், இருக்கை இருப்பதை உறுதி செய்த பிறகே மாற்றுங்கள்.

"இந்த அட்டைக்கு உடனடித் தள்ளுபடி" என்ற விளம்பரமும் வரும். ஒரு தளத்தில் தள்ளுபடி தந்துவிட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று 'வசதிக் கட்டணம்' போட்டுவிடுவார்கள். முதலில் தெரியும் விலையை விட்டுவிட்டு, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை ஒப்பிடுங்கள்.

மழை விடுமுறையை ஈடுகட்டப் பள்ளி நாள் மாறலாம். பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால், திரும்பக் கிடைக்காத டிக்கெட் என்று எழுதியிருந்தாலும், பயணம் செய்யாதவருக்கு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. கேட்டு வாங்குங்கள். கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போவதாக இருந்தால், துறையின் முன் அனுமதி கைக்கு வருவதற்கு முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை எடுக்காதீர்கள். அங்கே கடையில், "ரூபாயில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள்.

விமான நிலைய லவுஞ்சில் இலவசச் சாப்பாடு என்பதும் அட்டையின் ஒரு சலுகை. முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று பல வங்கிகள் இப்போது நிபந்தனை வைக்கின்றன. ஒரு தட்டு இட்லிக்காகத் தேவையில்லாத பல ஆயிரம் ரூபாய்ச் செலவை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம். விமான விபத்துக் காப்பீடும் பல அட்டைகளில் உண்டு. டிக்கெட்டை அந்த அட்டையில் எடுத்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருக்கும். வாரிசு பெயரைப் பதிந்துவையுங்கள்.

சேர்த்துவைக்கும் பொருள் அல்ல

புள்ளி என்பது நகை அல்ல, பீரோவில் பூட்டிவைக்க. 1993இல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. அதன் பயணப் புள்ளித் திட்டம் பெயர் மாறி வேறு வடிவில் தொடர்ந்தது. ஆனால் அந்த விமானத்தில் போகலாம் என்று மைல்களைச் சேர்த்துவைத்தவர்களுக்கு ஏறுவதற்கு விமானமே இல்லை. 2024 நவம்பரில் விஸ்தாரா, ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது அதன் புள்ளிகளும் அங்கே மாற்றப்பட்டன. புள்ளியின் மதிப்பைக் குறைக்கவும் விதியை மாற்றவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. சேர்ந்ததும் செலவழித்துவிடுங்கள்.

"உங்கள் ரிவார்டு பாயின்ட் இன்றிரவு காலாவதி, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். பணம் பறிப்பவர்கள் போடும் தூண்டில் அது. யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வங்கியில் சொல்லி அட்டையை முடக்குங்கள், 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நாமாகக் கேட்காமல் அட்டையைத் தலையில் கட்டக்கூடாது, அட்டையை மூடச் சொன்னால் பாக்கி இல்லாத நிலையில் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு ₹500 தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி செய்திருக்கிறது.

வகுப்பறைக்கும் கொண்டுபோவோம்

கடைசியாக ஒன்று. எட்டாம் வகுப்பு 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் தள்ளுபடி, ஜிஎஸ்டி, கூட்டுவட்டி எல்லாம் இருக்கின்றன. நான் மேலே சொன்ன இரண்டு அட்டைக் கணக்கையும் ₹785 கணக்கையும் என் வகுப்பில் கரும்பலகையில் போட்டேன். பில் தேதி 5, கெடு தேதி 25 என்றால் ஜூன் 6இல் வாங்கிய பொருளுக்கும் ஜூலை 4இல் வாங்கிய பொருளுக்கும் எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டேன். 49, 21 என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு மாணவி எழுந்து, "அப்ப பாக்கி வச்சிருக்கவங்களுக்கு எத்தனை நாள் சார்?" என்றாள். "ஒரு நாள்கூட இல்லை" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போன முதல் மாதமே அவர்கள் கைப்பேசிக்கு, "உங்களுக்கு அட்டை தயார்" என்று அழைப்பு வரும். அன்றைக்கு இந்தக் கணக்கு அவர்களுக்கு நினைவுக்கு வர வேண்டும். நமக்கும் அப்படித்தான். இந்த வாரம் உங்கள் அட்டையின் கடைசி மூன்று பில்களை எடுத்து, வந்த புள்ளியின் மதிப்பு ஒரு பக்கம், கட்டிய கட்டணமும் வட்டியும் மறுபக்கம் என்று எழுதிப் பாருங்கள். முதல் பக்கம் கூடுதலாக இருந்தால் அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் பாருங்கள். மறுபக்கம் கூடுதலாக இருந்தால் முதலில் பாக்கியை அடையுங்கள், பயணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.