வண்டிக்கு ஒரு பரண்

(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நமக்கு முன்னர் இம்மேடையில் பேசிய அன்பர்கள் இலக்கியத்தின் இனிமையையும் இசையின் பெருமையையும் எடுத்துரைத்தார்கள். அத்துறைகளில் புகும் தகுதி நமக்கில்லை. இருபதாண்டுகளுக்கு மேலாக ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ஏடும் எழுதுகோலுமாகக் காலங்கழித்த நாம் அறிந்தது மூட்டையும் முடிச்சுமே. ஆதலின் மூட்டை முடிச்சைப் பற்றியே பேசத் துணிந்தோம். பிக்கப் வண்டியின் பின் தொட்டிக்கு மேலே குறுக்குக் கம்பிகள் பொருத்தி, மலைப் பயணத்துக்கு வேண்டிய கூடாரம் முதலியவற்றை ஏற்றிச் செல்வது எங்ஙனம் என்பதே பொருள். இதற்கும் ஒரு சொற்பொழிவா என்று பின்வரிசையில் சிலர் நகைப்பது தெரிகிறது. சென்ற அக்டோபரில் நம்மோடு ராஜ்கட் சென்று திரும்பியவர்கள் நகைக்கவில்லை என்பதையும் காண்கிறோம். அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

புனே நகரில் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சஹ்யாத்ரி மலை அண்டை வீட்டுத் திண்ணை போன்றது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் 11 இந்த மராட்டிய மாநிலத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. 1677-இல் சிவாஜி கைக்கொண்டதும், பின்னர் அவர் மைந்தர் இராஜாராம் முகலாயரின் நெடிய முற்றுகையைத் தாங்கியதும் அக்கோட்டையிலேதான். திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலையில் பேருந்துச் சன்னல் வழியே செஞ்சி மலையைக் கண்டு வளர்ந்தவர்கள் இவ்வவையில் பலர் இருப்பர். அதன் உடன்பிறப்புகளான லோகட்டையும் ராஜ்கட்டையும் நம் பிள்ளைகள் காலால் நடந்து காணவேண்டும் என்றுதான் சங்கம் ஆண்டுதோறும் மலைப் பயணம் நடத்துகிறது.

லோகட்டுக்குத் தொல்லையில்லை. லோனாவளா லோக்கலில் ஏறி மளவலியில் இறங்கினால், முதுகுப் பையோடு நடந்துவிடலாம். ராஜ்கட்டுக்கு ரயில் கிடையாது. காத்ரஜ் சுரங்கப்பாதை கடந்து, கேட் சிவாப்பூர், நஸ்ராப்பூர் வழியாகக் குஞ்சவணே சென்று சேரவேண்டும். பிள்ளைகள் சிற்றுந்தில் வருவர். அவர்களுக்கான கூடாரம், பாய், உறக்கப் பை, சமையல் அண்டா, அரிசி மூட்டை ஆகியவை எதில் வரும்?

முன்பெல்லாம் அதற்கு வாடகைக்குக் 'குட்டி யானை' பிடித்தோம். 2005-இல் டாட்டா நிறுவனம் இதே புனேயில் செய்து வெளியிட்ட ஏஸ் வண்டிக்கு நம் ஊரார் இட்ட பெயர் அது. இங்குள்ள மராட்டியரும் 'சோட்டா ஹத்தி' என்றே அழைக்கின்றனர். இரு மொழியாரும் ஒரே பெயரால் அழைப்பது நமக்கு இன்றும் வியப்பே. இப்பொழுது காலனி அன்பர் ஒருவர் இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தொட்டியும் உடைய பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறார். சங்கத்துக்கென மனமுவந்து தருகிறார். ஆனால் இருக்கை இரண்டு வரிசையானதால் தொட்டி குறுகிவிட்டது. இவ்வகை வண்டிகளின் தொட்டி நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். நம் சங்கத்துப் பழைய கித்தான் கூடாரத்தின் மூங்கில் கால்களோ இரண்டரை மீட்டர். பின் கதவைத் திறந்துவிட்டு அவற்றை வெளியே நீட்டிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். போகலாகாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு பக்கவாட்டிலோ முன்னோ பின்னோ உயரத்திலோ அனுமதித்த எல்லையைக் கடந்து நீண்டால் அபராதம் 20,000 ரூபாய். இறக்குகூலியும் நம் தலையில்.

இவ்விடத்தில்தான் குறுக்குக் கம்பிகள் உதவிக்கு வருகின்றன. தொட்டியின் இருபக்கச் சுவர் விளிம்பிலும் கவ்விகளால் இறுக்கிய கால்களின்மேல், குறுக்காக இரண்டு உலோகக் கம்பிகள் படுத்திருக்கும். அவ்வளவே. நம் குடியிருப்புகளில் அடுக்களைக்கு மேல் பரண் இருக்கிறதல்லவா? இது வண்டிக்கு அமைந்த பரண். கீழே தொட்டி முழுவதும் பெட்டிகளுக்கு மீதமாகும். மேலே நீண்ட பொருள்கள் படுத்து வரும். கம்பிகளின் உயரம் ஓட்டுநர் கூரைக்குச் சற்றே மேலாக அமைந்தால், நீண்ட மூங்கில் பின்னால் துருத்தாமல் கூரையின் மேலாக முன்னோக்கி நீளும்.

பரணில் எதை வைப்பது, எதை வைக்கலாகாது என்பதை நம் தாய்மார்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றும் இல்லத்தரசி எங்கேனும் உண்டோ? வண்டியிலும் அதுவே முறை. அண்டா, தண்ணீர்க் குடுவை, அரிசி, சமையல் வாயு உருளை யாவும் கீழே தொட்டியின் தரையில். கூடாரத் துணி, பாய், உறக்கப் பை, மூங்கில் ஆகியவை மேலே. பாரம் உயர உயர, வளைவில் வண்டி சாயும் வேகமும் மிகும். கிராமத்தில் பாரவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்கள். முன்பாரமானால் மாட்டின் கழுத்து ஒடியும், பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும். பிக்கப்பிலும் கனத்தையெல்லாம் பின் கதவோரம் குவித்தால் முன்சக்கரத்தின் பிடி தளர்கிறது. ஆதலின் கனமானவை ஓட்டுநர் முதுகுப்புறச் சுவரை ஒட்டியிருக்கட்டும். மேலே மெத்தென்று பாய்கள் கிடப்பதைக் கண்டு பிள்ளைகள் ஏறி அமர ஆசைப்படுவர். சரக்குத் தொட்டியில் ஆட்களை ஏற்றுவது சட்ட விரோதம். அதனினும் பெரிது, உயிருக்கு ஆபத்து. இதில் எந்தத் தாய் தந்தையும் நம்மிடம் சலுகை கேட்க வேண்டா.

கம்பிகள் எவ்வளவு தாங்கும்? செய்தவர் அச்சிட்ட அளவைப் படிக்கவேண்டும். நின்ற வண்டியில் தாங்கும் எடை வேறு, ஓடும் வண்டியில் தாங்கும் எடை வேறு. முன்னது மிகப் பெரிது. வண்டியை நிறுத்தி அதன்மேலேயே கூடாரம் விரித்து இருவர் உறங்கும் வசதி இப்போது வந்திருக்கிறது. அதனைக் கண்டு, இருவரைத் தாங்கும் கம்பி ஓடும்போதும் அதே பாரத்தைத் தாங்கும் என்று கணக்கிடுவோர் பிழைபடுவர். பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் பாரம் பன்மடங்கு கனத்துக் கம்பியை அடிக்கிறது. குஞ்சவணேச் சாலை போன்ற மேடுபள்ளத்தில் அச்சிட்ட அளவினும் குறைத்தே ஏற்றுதல் நலம். மற்றொன்று, நனைந்த பாரம். புறப்படும்போது நம் கூடாரக் கட்டைத் தராசில் நிறுத்தோம், 38 கிலோ. மழையில் நனைந்து திரும்பியபின் நிறுத்தால் 51 கிலோ. போகும்போது போட்ட கணக்கு வரும்போது செல்லாது.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். வேகம் இருமடங்கானால் காற்றின் தாக்கு நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் சாதுவாகப் படுத்திருந்த பாய்க்கட்டு, 80-இல் முன்முனையைத் தூக்கிப் பாம்பு போல் எழும். ஆகவே குறுக்கே கட்டும் இரண்டு கட்டுகள் மட்டும் போதா. கட்டின் முன்முனையிலிருந்து வண்டியின் முன்பக்கத்துக்கும், பின்முனையிலிருந்து பின்பக்கத்துக்கும் தனித்தனியே கயிறு இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னே பாய்கிறது. ஐரோப்பிய நாடுகளில் லாரிச் சரக்கைக் கட்டும்போது, முன்னோக்கிய பாய்ச்சலுக்குச் சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கும், பக்கத்துக்கும் பின்னுக்கும் பாதியும் தாங்கும்படி கட்டவேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். முன்கட்டின் இன்றியமையாமை இதனாலே விளங்கும். அந்த முன்கட்டைத்தான் நாம் மறந்தோம்.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்வோம். ராஜ்கட்டிலிருந்து இறங்கிய மாலையில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளைச் சிற்றுந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, இருட்டுமுன் புறப்படவேண்டுமென்று நாமும் அன்பர் ஒருவரும் வண்டியின் இருபுறம் நின்று அவசரமாகக் கட்டினோம். போகும்போது பட்டை வார் கொண்டு இறுக்கியிருந்தோம். அவற்றுள் ஒன்று எங்கோ சேற்றில் போய்விட்டது. அதற்கீடாக ஊர்க்கடையில் வாங்கிய நைலான் கயிறு. நைலான் நனைந்தால் நெகிழ்ந்து நீளும். நார்க்கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும். இது நமக்குத் தெரியாததன்று. முன்கட்டை அவர் கட்டுவார் என்று நாம் இருந்தோம். நாம் கட்டியிருப்போம் என்று அவர் இருந்தார்.

காத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலத்தை நோக்கி இறங்கும் சரிவு புனே மக்கள் அனைவரும் அறிந்தது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 20 இரவு லாரி ஒன்று கட்டுமீறி 40-க்கும் மேற்பட்ட வாகனங்களைச் சிதைத்த இடம். அச்சரிவில் முன்சென்ற வண்டி நின்றது. நம் வண்டியும் நின்றது. மேலே சரசரவென்று ஓர் ஓசை. மூங்கில் கட்டு ஒரு முழம் முன்னே வழுக்கிற்று. மீண்டும் வண்டி நகர்ந்தபோது கட்டு பின்னே வழுக்கிற்று; நெகிழ்ந்த கயிற்றினின்று ஒரு மூங்கில் உருவிக்கொண்டு சாலையில் விழுந்தது.

பின்னால் ஒரு ஸ்கூட்டர். கணவன், மனைவி, இடையே ஒரு குழந்தை. அந்த இளைஞர் எவ்வாறு திருப்பினாரோ, கடவுள் அறிவார். மூங்கில் உருண்டு நடுச்சுவரில் மோதி நின்றது; ஸ்கூட்டர் ஓரத்தில் நின்றது. எவருக்கும் கீறலும் இல்லை. நாம் ஓடிச்சென்று கைகூப்பினோம். அவர் திட்டவில்லை. மழைநீரைத் துடைத்துக்கொண்டு, "காகா, பாந்த்தா யேத் நாஹீ கா?" என்று மட்டும் கேட்டார். கட்டத் தெரியாதா என்பது பொருள். சரக்கு அலுவலகத்தில் வேலை செய்பவர் என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? அக்குழந்தை மஞ்சள் நிற மழைச் சட்டை அணிந்திருந்தது. அந்நிறம் இன்னும் நம் கண்ணை விட்டு அகலவில்லை.

அன்றிரவு உறக்கமின்றிக் கிடந்தபோது ஒன்று தெளிவாயிற்று. கம்பியில் குற்றமில்லை, கயிற்றின் குற்றமும் பாதிதான். ரயில்வேயில் சரக்கு வண்டி புறப்படுமுன் சோதகர் பார்த்து, தகுதியுடையது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். பழைய சரக்கு நிலையங்களில் வளைவான அளவுச் சட்டம் ஒன்று தொங்கும். அதனடியில் தட்டாமல் நுழைந்த வேகனே வெளிச்செல்லும். இவையெல்லாம் காகிதத் தொல்லை என்று நாமே இளமையில் அலுத்துக்கொண்டதுண்டு. இருவர் பொறுப்பு என்றால் எவர் பொறுப்புமன்று; ஆதலின்தான் அங்கே ஒருவர் பெயர் எழுதப்படுகிறது. நம் கூடாரத்துக்கோ காகிதமும் இல்லை, பெயரும் இல்லை.

இவ்வாண்டு அவ்வாறன்று. செயற்குழுவின் இசைவோடு ஒரு சிறு குறிப்பேடு தொடங்கியுள்ளோம். கட்டுபவர் யாரேனும் ஆகலாம், சோதிப்பவர் ஒருவரே. அவர் கட்டும் வேலையில் கை வைக்கக்கூடாது. சுற்றி வந்து, கவ்விகளின் திருகாணியை அசைத்து, முன்கட்டு, பின்கட்டு, குறுக்குக்கட்டு இரண்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். புறப்பட்டுப் பத்துக் கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இழுத்துப் பார்க்கவேண்டும். ஓட்டத்தில் பாரம் அமர்ந்து கட்டுத் தளர்வது இயல்பு. திரும்பும் பயணத்துக்கும் இதே சோதனை, மழையானாலும் இருட்டானாலும். சோதகர் பதவிக்கு நம் பெயரைச் சிலர் முன்மொழிந்தார்கள். நாம் மறுத்தோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் நம் காலனிப் பெண் ஒருத்தி, அன்று சிற்றுந்தில் இருந்தவள், தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். சென்ற ஞாயிறு ஒத்திகையில் நாம் போட்ட முடிச்சுகளில் இரண்டை அவிழ்த்து மறுபடி போடச் சொன்னாள், போட்டோம்.

பயணம் வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, காலை ஐந்து மணிக்கு. பொருள்களை வெள்ளி மாலை ஆறு மணிக்குள் சங்க வாயிலில் சேர்த்துவிடுக. இரண்டரை மீட்டருக்கு மேற்பட்டது எதுவும் ஏற்றப்படாது. பட்டை வார்கள் ஆறு புதிதாக வாங்கியாயிற்று. வீட்டிலிருந்து எவரும் கயிறு கொண்டுவர வேண்டா.