பார்த்த பின் எழுதுக



அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் அஞ்சல் பெட்டிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. கணிப்பொறியின் நினைவகமும் ஏறக்குறைய அப்படித்தான். பெட்டியின் எண்ணே அதன் முகவரி. ஆனால், ஒரு பெட்டியில் 0 முதல் 255 வரையுள்ள ஏதேனும் ஓர் எண்தான் இருக்க முடியும். புதியதைப் போட்டால் பழையது அழிந்துவிடும்.

பேசிக் மொழியில், பெட்டியினுள் இருப்பதைப் பார்க்க 'பீக்' என்றும், புதிய எண்ணை வைக்க 'போக்' என்றும் கட்டளையிடுவார்கள். 1982-இல் வெளிவந்த கமடோர் 64 கணிப்பொறியில் 53,280 என்ற முகவரியில் 0 எழுதினால், திரையின் ஓரம் கறுப்பாகிவிடும். ஏனெனில் அந்த முகவரி, திரையை ஆளும் சில்லுக்கு உரியது. ஆக, ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு கருவியே காத்திருக்கலாம்.

இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சில்லுகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1980-களில் இன்டெல் நிறுவனம், பேசிக் மொழியை உள்ளேயே பதித்து ஒரு 8052 சில்லை வெளியிட்டது. அதில் நினைவகம் மூவகை. 'சிபிஒய்' என்ற சொல் நிரல் நினைவகத்தைப் படிக்க மட்டும் உதவும். 'டிபிஒய்' சில்லின் உள்ளே இருக்கும் 256 இடங்களுக்கு உரியது. 'எக்ஸ்பிஒய்' வெளியே உள்ள 65,536 இடங்களுக்கு உரியது. பின்னிரண்டாலும் படிக்கவும் எழுதவும் முடியும். வெளி நினைவகத்தில் 512-ஆம் முகவரியிலிருந்து நாம் தட்டச்சு செய்த நிரலே குடியிருக்கும். அங்கே கண்மூடி எழுதினால் நம் நிரலை நாமே சிதைத்துவிடுவோம். பேசிக் நம்மைத் தடுக்காது.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நாற்றுப் பண்ணையில், 8255 என்ற துணைச் சில்லின் ஒரு முகவரி எட்டு விசைகளை ஆள்கிறது என்று கொள்வோம். மின்விசிறியின் மதிப்பு 1. நீரிறைக்கும் பம்பின் மதிப்பு 4. விளக்கின் மதிப்பு 8. விசிறியும் விளக்கும் ஓடுகின்றன. ஆகவே பெட்டியில் இருப்பது 9. பம்பை ஓட்ட நினைத்து 4 என்று எழுதினால் என்ன ஆகும்? பம்பு ஓடும், விசிறியும் விளக்கும் நின்றுவிடும்!

சரி, இருப்பதோடு 4-ஐக் கூட்டலாமா? 13 கிடைக்கும், மூன்றும் ஓடும். ஆனால் பம்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் 13 என்பது 17 ஆகும். 17 என்பது 16-ம் 1-ம் சேர்ந்தது. பம்பும் விளக்கும் நின்று, 16-க்கு உரிய வேறொரு கருவி ஓடத் தொடங்கும்.

இதற்குத்தான் 'ஆர்' என்ற செயல் இருக்கிறது. பெட்டியைப் படித்து, 4-உடன் 'ஆர்' செய்து, விடையைத் திரும்ப எழுத வேண்டும். 9 இருந்தால் 13 ஆகும்; 13 இருந்தால் 13-ஆகவே நிற்கும். பம்பை நிறுத்த, 251-உடன் 'அண்ட்' செய்தால் போதும், மற்றவை அசையா.

பேசிக் மொழி இன்று அருகிவிட்டாலும், இன்றைய சில்லுகளிலும் இம்முறை பயன்படுகிறது. முதலில் படியுங்கள், வேண்டியதை மட்டும் மாற்றுங்கள், பிறகு எழுதுங்கள்.