தப்பும் தீயும்

மாசி மாதத்தில் பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் காமன் கூத்து நிகழும். ஆட்டத்துக்கு முன் லயத்து முற்றத்தில் சருகுத் தீ மூட்டப்படும். அது குளிர்காய்வதற்கன்று, தப்பைக் காய்ச்சுவதற்கு.

மலைப்பனியின் ஈரத்தை உறிஞ்சினால் தப்பின் தோல் தளர்ந்து ஒலி மந்தமாகும். அனலில் ஈரம் வற்றத் தோல் இறுகி, நாதம் கணீரென எழும். சூடு மிஞ்சினாலோ தோல் வெடித்துவிடும். ஆகவே கலைஞர் தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். இடையிடையே விரலால் தட்டிச் செவிகொடுப்பார். அந்தச் செவியே அளவுகோல்.

முன்னாளில் விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பே. அதைச் சாவுப்பறையென்று இகழ்ந்தோர் உளர். இந்த நுட்பத்தை அவர்கள் அறியார். இன்று செயற்கைத் தோலும் வந்துள்ளது. அதற்குத் தீ வேண்டாம்; வசதிதான். தோலின் ஆழ்ந்த முழக்கந்தான் அதில் இல்லை.

இரவு முதிர முதிரப் பனி இறங்கும். தப்பு மீண்டும் தளரும். அதனால் கூத்து முடியும்வரை அத்தீயை அணையவிடுவதில்லை.